பெரியப்பாவின் அறை: விற்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா?

ஒற்றைத்தந்தி

வணக்கம். என் பெரியப்பா போன மாதம் காலமானார். 40 வருடங்களுக்கு மேல் வயலின் வாசித்தவர். பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால், குழுவில் மூன்றாவது நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். அவர் பெயர் எந்த இசைத்தட்டின் லேபிளிலும் இருக்காது.

அவருடைய அறையை இப்போதுதான் திறந்து ஒழுங்குபடுத்துகிறோம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 ஆர்பிஎம் தட்டுகள் 300-க்குக் குறையாது. சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாக்கள், அதாவது ஸ்பூல் டேப்புகள் 42. கையால் எழுதிய இசைக்குறிப்பு நோட்டுகள் 16. ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள், ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்ட சீட்டுகள், சம்பள ரசீதுகள். பெரிய கலைஞர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிகழ்ச்சித் தாள்களும் சில இருக்கின்றன.

விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு 11 பொருள்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்: கையெழுத்துள்ள தாள்கள் 6, கடிதங்கள் 2, தட்டுகள் 3. அவற்றுக்கு நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு தொகையைச் சொன்னார். "மீதியெல்லாம் எடைக்குத்தான் போகும்" என்றார். அந்த வார்த்தை பெரியம்மாவைச் சுட்டுவிட்டது. ஆனால் பெரியம்மாவுக்குப் பணம் தேவைப்படுகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. தம்பியோ ஒன்றைக்கூட விற்கக் கூடாது, எல்லாவற்றையும் ஏதாவது காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

பத்து நாளில் பதில் சொல்கிறேன் என்று வியாபாரியை அனுப்பியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தட்டுப்பிரியன்

பெரியம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். பத்து நாள் தவணை வாங்கியது நல்ல காரியம். அதுவரை ஒரு தாள்கூட வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.

30 வருடமாகத் தட்டு சேர்க்கிறவன் நான். வாங்குவேன், விற்பேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்களைக் கொள்ளைக்காரர்கள் மாதிரிப் பேசுவார்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் பாரமவுண்ட் என்று ஒரு தட்டுக் கம்பெனி இருந்தது. நாற்காலி செய்கிற ஒரு நிறுவனம், தான் செய்த கிராமபோன் பெட்டிகளை விற்பதற்காகத் தொடங்கிய கிளை அது. 1920-களில் கறுப்பினப் பாடகர்களின் ப்ளூஸ் பாட்டுகளை மலிவாகப் பதிவு செய்து விற்றார்கள். வியாபாரம் படுத்ததும் 1930-களின் தொடக்கத்தில் கடையைக் கட்டினார்கள். தட்டுகளை அச்சடிக்கும் மூல உலோகத் தகடுகள் பழைய இரும்புக்குப் போயின. அந்தக் கம்பெனிக்குப் பாடிய ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் குரலை இன்று நாம் கேட்கிறோம் என்றால், யாரோ சில பேர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தேய்ந்து கீறல் விழுந்த தட்டுகளை வாங்கிச் சேர்த்ததால்தான். அந்தக் காலத்தில் எந்த நூலகமும் அவற்றை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. 1952-இல் ஹாரி ஸ்மித் என்ற சேகரிப்பாளர் தன் சொந்தத் தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்து வெளியிட்டார். பின்னால் வந்த ஒரு தலைமுறை இசைக்காரர்களுக்கு அந்தத் தொகுப்புதான் பாடப் புத்தகம். 2022-இல் மறைந்த இன்னொரு அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜோ பஸ்ஸார்டைப் பாருங்கள். தன் நிலவறையில் ஆயிரக்கணக்கான 78 தட்டுகளை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கேசட்டில் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு பொருளுக்கு விலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவார்கள். விலையே இல்லாதது குப்பைக்குப் போகும். நான் கண்ணால் பார்த்த உண்மை இது.

---

காப்பறை

நான் ஒலி ஆவணங்களைக் கையாளும் வேலையில் இருக்கிறேன். தட்டுப்பிரியன் சொன்னதை மறுக்க மாட்டேன். எங்களிடம் இருப்பதில் பாதி, ஏதோ ஒரு சேகரிப்பாளர் உயிரைக் கொடுத்துச் சேர்த்ததுதான்.

ஆனால் அதே விலைதான் துண்டுபோடவும் வைக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் கையால் எழுதிய 188-ஆம் கான்டாட்டா என்ற பாடல் படைப்பின் தாள்களைப் பின்னால் வந்தவர்கள் துண்டு துண்டாக நறுக்கி விற்றார்கள். முழுதாக ஒருவருக்கு விற்பதைவிடத் துண்டுகளாகப் பலருக்கு விற்றால் லாபம். பீத்தோவனின் வரைவு நோட்டுகளுக்கும் அதே கதிதான். அவர் இறந்த 1827-லேயே நவம்பரில் வியன்னாவில் ஏலம் விட்டார்கள். பிறகு பல நோட்டுகளிலிருந்து தாள்கள் உருவப்பட்டு, நினைவுப் பரிசாகவும் விற்பனைக்கும் உலகமெங்கும் போயின. அந்தத் தாள்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். காகிதத்தின் நீர்க்குறி, தைத்த துளைகள், ஒரு பக்கத்து மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிய கறை, இவற்றையெல்லாம் பொருத்திப் பார்த்துத்தான் நோட்டுகளை மறுபடி கட்டினார்கள்.

ஒற்றைத்தந்தி, உங்கள் பட்டியலைப் படித்ததும் என் கண் நின்ற இடம் வேறு. கையெழுத்துப் போட்ட தாள்கள் பல வீடுகளில் இருக்கும். ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்ட சீட்டுகளும் சம்பள ரசீதுகளும் எங்கே இருக்கும்? பின்னணியில் வாசித்தவர்களின் பெயரைத் தட்டுகளில் போடும் வழக்கம் ரொம்பக் காலம் இருக்கவில்லை. ஒரு பாட்டில் அந்த வயலினை வாசித்தது யார், அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்பதெல்லாம் இந்த மாதிரிச் சீட்டுகளில்தான் மிச்சம் இருக்கிறது. சீட்டில் தேதி, நோட்டில் அந்த நாள் வாசித்த குறிப்பு, டேப்பில் ஒத்திகை, கடிதத்தில் அதைப் பற்றிய பேச்சு. நான்கும் ஒரே அறையில் இருக்கும் வரைதான் ஒன்றுக்கு மற்றது சாட்சி. வியாபாரி எடைக்குப் போடச் சொன்ன பகுதிதான் பெரியப்பாவின் வாழ்க்கை.

---

மிருதுளம்

எல்லாம் சரி. பெரியம்மாவின் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

நானும் ஒரு பக்கவாத்தியக்காரரின் மகள். அப்பா போன பிறகு வந்தவர்கள் எல்லோரும் "இதெல்லாம் பொக்கிஷம், தானமாகக் கொடுங்கள்" என்றார்கள். பொக்கிஷம் என்று சொன்ன யாரும் பணம் பற்றி வாயே திறக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ஆவணங்கள் 2016-இல் டல்சா நகரத்துக்குப் போனபோது ஒரு அறக்கட்டளையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பணம் கொடுத்துத்தான் வாங்கின. 6,000 பொருள்கள் என்று அப்போது அறிவித்தார்கள். 2022-இல் அதற்கென்றே ஒரு மையமும் திறந்தார்கள். அதில் தவறே இல்லை, அவருடைய உழைப்பு. ஆனால் பெயர் பெற்றவரின் காகிதத்துக்குக் காசு, பின்னால் உட்கார்ந்தவரின் காகிதத்துக்கு நன்றிக் கடிதமா? வாழ்நாளெல்லாம் குறைந்த கூலிக்கு வாசித்தவரின் குடும்பத்திடம் போய்க் கடைசியாகவும் இலவசமாகக் கொடு என்று கேட்க எனக்கு மனசு வராது.

விற்பது பாவம் இல்லை. 2011-இல் ஸ்ட்ராடிவாரி என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த லேடி பிளண்ட் வயலினை நிப்பான் இசை அறக்கட்டளை விற்று, அந்தப் பணத்தை ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்குக் கொடுத்தது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 2019-இல் தன் கிதார்களை ஏலம் விட்டு, வந்த 2 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைச் சுற்றுச்சூழல் சட்டப் பணிக்குத் தந்தார். ஊருக்காக விற்றால் பெருமை, தன் வயிற்றுக்காக விற்றால் மட்டும் குற்றமா?

---

கரைந்தநாடா

காப்பகம் என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அம்மா பாடிய டேப்புகளை ஒரு நிறுவனத்துக்கு நானே பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ரசீது கேட்கத் தோன்றவில்லை. எட்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். நான் ஒட்டிய பேப்பர் டேப் பிரிக்கப்படாமல் அதே பெட்டி, ஒரு நடைபாதையில், ஜன்னலுக்குக் கீழே. அடியில் ஈரம் ஏறி இருந்தது. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலைக்கு இரண்டே பேர், பெட்டிகள் நூற்றுக்கணக்கில். அது எனக்குப் புரிந்தது, ஆனாலும் அன்றைக்கு நான் அழுதது அழுததுதான்.

பெரிய இடங்கள் மட்டும் என்ன? 2004-இல் ஜெர்மனியின் வைமரில் அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோது 50,000 நூல்கள் சாம்பலாயின, அந்தப் பெயருக்குரிய கோமகளின் இசைச் சேகரிப்பில் பெரும்பகுதியும் அதில் போயிற்று. 2009-இல் கொலோன் நகரக் காப்பகம் பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் பணியால் அப்படியே சரிந்து விழுந்தது. இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் தாள்கள் இடிபாட்டுக்குள் போயின. 2008-இல் அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தீப்பிடித்து மாஸ்டர் டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள் எரிந்தன. எவ்வளவு இழப்பு என்ற கேள்வியே 11 வருடம் கழித்து, 2019-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் வெளியே பேசப்பட்டது. எண்ணிக்கையில் இன்றும் சண்டை.

பீத்தோவனின் பெரும் ஃபியூக் என்ற படைப்பு, இருவர் நான்கு கைகளால் வாசிக்கும் பியானோ வடிவம், 80 பக்கம், அவர் கையாலேயே எழுதியது. 1890-க்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2005-இல் பென்சில்வேனியாவில் ஒரு இறையியல் கல்லூரியின் அலமாரியை நூலகர் ஒருவர் சுத்தம் செய்தபோது கிடைத்தது. அதாவது ஒரு நிறுவனத்தின் உள்ளேயே இருந்து தொலைந்திருந்தது.

---

காப்பறை

கரைந்தநாடா, உங்கள் பெட்டி கிடந்த அந்த நடைபாதை எனக்குத் தெரிந்த நடைபாதைதான். எல்லா இடத்திலும் ஒன்று இருக்கிறது. எங்களிடமும் பிரிக்காத பெட்டிகள் இருக்கின்றன. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அந்த பீத்தோவன் தாள்களின் மீதிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி அதை 2005 டிசம்பரில் லண்டனில் ஏலம் விட்டது. 11 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. வாங்கியவர் புரூஸ் காவ்னர் என்ற தனியார் சேகரிப்பாளர். அடுத்த வருடமே அவர் அதையும் சேர்த்துத் தன்னிடமிருந்த 139 அரிய இசை ஆவணங்களை ஜூலியார்டு இசைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நிறுவனத்துக்குள் தொலைந்து, ஏலத்தில் வெளியே வந்து, சேகரிப்பாளர் கை வழியாகப் பொதுவுக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு காப்பகக்காரிக்கு வெட்கமில்லை.

அதனால் "காப்பகமா, விற்பனையா" என்பதைவிட, எந்தக் காப்பகம், என்ன எழுதி வாங்கினீர்கள் என்று கேட்பது முக்கியம். கொடுக்கும் முன் நேரில் போங்கள். பொருள் வைக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் யோசியுங்கள். ஒவ்வொரு பொருளையும் எண்ணிட்டுப் பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட பத்திரம் வாங்குங்கள். நன்கொடை வேறு, வைப்பு வேறு. வைப்பு என்றால் உடைமை உங்களுடையது, பாதுகாப்பு மட்டும் அவர்களுடையது. எத்தனை மாதத்தில் பட்டியலிடுவார்கள், எப்போது டிஜிட்டல் ஆக்குவார்கள், குடும்பத்துக்குப் பிரதி உண்டா, அவர்களுக்கு வேண்டாத பொருளைத் திருப்பித் தருவார்களா அல்லது கழித்துவிடுவார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்கிறோம்" என்பது போதாது. அதைச் சொன்னவர் நாளைக்கே ஓய்வு பெற்றுவிடுவார்.

மிருதுளத்துக்கும் ஒரு வார்த்தை. மொத்தமாக விலை கொடுத்து வாங்கும் காப்பகங்கள் குறைவு, ஆனால் உண்டு. சில இடங்களில் ஒரு புரவலர் பணம் கொடுப்பார், பொருள் காப்பகத்துக்கு வரும். கேட்பதில் கூச்சமே வேண்டாம். நாங்களும் கேட்டுக் கேட்டுத்தான் நிதி வாங்குகிறோம்.

---

ஸ்பூல்_எட்டங்குலம்

நீங்கள் எல்லோரும் யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போது அந்த 42 டேப்புகளும் உள்ளே செத்துக்கொண்டிருக்கின்றன. டேப் மாற்றும் வேலை 20 வருடமாகச் செய்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசம் வந்தால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப், சிதையத் தொடங்கிவிட்டது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசிடேட் ஒளியைக் கசியவிடும், பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது கறுப்பாகவே நிற்கும். வினிகர் அடிப்பதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வேறு அறையில் வையுங்கள். ஒன்றின் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

1970-கள், 80-களில் வந்த பாலியெஸ்டர் டேப்புகளில் பலவற்றுக்கு வேறு நோய். காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். ஓடவிட்டால் கிரீச்சென்று சத்தம் வரும், பழுப்புத் தூள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அந்தத் தூள்தான் பாட்டு. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசையில் எத்தனையோ பேர் கடைசிப் பிரதியை அழித்திருக்கிறார்கள். இந்த வகையை 50 டிகிரிக்குச் சற்று மேல், பல மணி நேரம், கட்டுப்பாட்டோடு சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் பதிவு செய்துவிட வேண்டும். வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். அசிடேட் டேப்பை இப்படிச் சூடாக்கவே கூடாது.

மாற்றித் தருகிறவரிடம் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு என்று கேளுங்கள். சர்வதேச ஒலி ஆவணச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு அது. ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். எம்பி3 மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்காதீர்கள். டேப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை, உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டைப் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. டேப் நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் இருக்காது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே 2025-ஐக் கெடுவாகச் சொல்லி எச்சரித்தது. இயந்திரங்கள் தேய்கின்றன, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். அந்தக் கெடு தாண்டிவிட்டது. நானே ஒரு இயந்திரத்தை ஓட்ட இரண்டு இயந்திரங்களைக் கழற்றியிருக்கிறேன்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். அரக்கில் செய்த 78 தட்டைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரையும். பின்னால் வந்த நீண்ட நேரத் தட்டான எல்பிக்கான ஊசியையும் அதில் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்குத் தனி ஊசி வேண்டும்.

---

கீழ்ஸ்தாயி

நான் வாசிக்கிறவன், அதனால் இசைக் கருவி வழியாகச் சொல்கிறேன். ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்த மெசையா வயலின் கண்ணாடிக்குள் இருக்கிறது. புத்தம் புதிது மாதிரி இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. செய்பவர்கள் பார்த்துக் கற்க அது வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மனசு ஜெனோவாவுக்குத்தான் போகும். வயலின் மேதை பகானினி, குவார்னேரி என்ற கைவினைஞர் செய்த தன் வயலினை அந்த நகரத்துக்கு எழுதி வைத்தார். நகரம் அதைக் காவலோடு வைத்திருக்கிறது, அவர் பெயரில் நடக்கும் போட்டியில் வென்றவர்களுக்கு வாசிக்கவும் கொடுக்கிறது.

ஒற்றைத்தந்தி, பெரியப்பாவின் வயலின் எங்கே? பட்டியலில் அதைக் காணவில்லையே.

---

சான்றுக்காகிதம்

விற்பதற்கும் கொடுப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இவையெல்லாம் பெரியப்பாவுடையவைதானா?

வருத்தப்பட வேண்டாம், எல்லா இசைக்காரர் வீட்டிலும் இரவல் பொருள் இருக்கும். குழுவின் நூலகத்திலிருந்து எடுத்துவந்த வாசிப்புத் தாள், நண்பர் கேட்கக் கொடுத்த டேப். அந்த நேரத்தில் யாரும் எழுதி வைப்பதில்லை. அமெரிக்க ராக் இசைக் குழுவான ஈகிள்ஸின் டான் ஹென்லி எழுதிய பாடல் வரைவுத் தாள்கள் ஏறக்குறைய 100 பக்கம், 1970-களின் கடைசியில் ஒரு எழுத்தாளரிடம் போனவை, பிறகு கைமாறிக் கைமாறி விற்பனைக்கு வந்தன. கொடுத்ததா எடுத்ததா என்ற சண்டை நியூயார்க்கில் குற்ற வழக்காகி, 2024 மார்ச்சில் விசாரணை நடுவே கைவிடப்பட்டது. 40 வருடத்துக்குப் பிறகு யார் நினைவை யார் நம்புவது? பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியிடமிருந்து 1972-இல் திருடுபோன பேஸ் கிதார் அவரிடம் திரும்பியதும் 2024-இல் தெரியவந்ததுதான்.

கையெழுத்து விஷயம் வேறு. பீட்டில்ஸ் புகழின் உச்சத்தில் இருந்தபோது அவர்களின் உதவியாளர்களே நான்கு பேர் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். நேர்மையான ரசிகர் நேர்மையாக வாங்கி வைத்திருப்பார், அப்படியும் அது அவர்கள் கையெழுத்து இல்லை. வியாபாரி தனியாக எடுத்த 6 தாள்களையும் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.

காகிதத்தின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். கடிதம் உங்கள் வீட்டில் இருக்கலாம், அதில் உள்ள வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். டேப்பில் மற்றவர்கள் பாடியிருந்தாலும் அதே கதை.

---

தட்டுப்பிரியன்

காப்பறையிடம் ஒன்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் நன்றாக ஸ்கேன் செய்து, டேப்புகளைப் பதிந்து, கோப்புகளைக் காப்பகத்திலும் வீட்டிலுமாக வைத்துக்கொண்டால், ஒரிஜினலை விற்பதில் என்ன குறைந்துவிடும்? கில்பர்ட் கப்லான் என்ற செல்வந்தர், இசையமைப்பாளர் மாலர் கையால் எழுதிய இரண்டாம் சிம்பொனிப் படியை விலைக்கு வாங்கினார். பெட்டியில் பூட்டவில்லை, 1986-இல் அச்சு அசலாகப் படியெடுத்துப் புத்தகமாகவே போட்டார். அவர் இறந்த பிறகு 2016-இல் அசல் 45 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. படி எல்லோரிடமும் இருக்கிறது. யாருக்கு நஷ்டம்?

---

காப்பறை

கப்லான் செய்தது உயர்ந்த காரியம். எல்லாச் சேகரிப்பாளரும் அப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே குறையும்.

ஆனால் ஸ்கேன் எடுப்பவர் இன்றைக்குத் தெரிந்த கேள்விகளுக்குத்தான் படம் எடுக்கிறார். நான் முதலில் சொன்ன பீத்தோவன் நோட்டுகளை மறுபடி கட்டியது நீர்க்குறியும் தைத்த துளையும். சாதாரண ஸ்கேனில் அவை விழாது. தட்டு விஷயம் உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். லேபிள் எண் ஒன்றாகவே இருக்கும், உள் வளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் இது வேறு டேக், அதாவது அதே பாட்டை இன்னொரு முறை பாடிப் பதிந்தது என்று தெரியும். லேபிளை மட்டும் படம் எடுத்து அசலை விற்றுவிட்டால் அந்த எண் போச்சு.

---

தட்டுப்பிரியன்

சரி, அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. உண்மைதான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு வீட்டில் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு ஒன்றைக் காட்டினார்கள். 60, 70 இருக்கும். ஒரு கடிதத்தில் மட்டும் பெரிய பெயர். அதை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன், நல்ல விலைதான் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அதை நிதானமாகப் படித்தபோது, "போன கடிதத்தில் நீ கேட்ட அந்த இரண்டாவது சரணத்தை மாற்றிவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சரணம், எதை மாற்றினார்? திரும்ப அந்த வீட்டுக்கு ஓடினேன். வீடு கைமாறி இருந்தது, கட்டு எங்கே என்று தெரியவில்லை. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த வியாபாரி எடுத்து வைத்த 2 கடிதங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

கடிதங்களைப் பிரிக்காதீர்கள், ஒற்றைத்தந்தி. இதை ஒரு வியாபாரியாகவே சொல்கிறேன்.

---

ஒற்றைத்தந்தி

ஒன்பது நாள் ஆகிவிட்டது. எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. செய்ததை எழுதுகிறேன்.

தம்பியும் நானும் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டோம். எந்த அலமாரியில் எதற்குப் பக்கத்தில் இருந்ததோ அப்படியே படம் எடுத்த பிறகுதான் கையை வைத்தோம். பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டைப் படித்தால் "அன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குத்தான் வந்தார், மழை" என்பார். புகைப்படத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் பெயர் சொன்னார். தம்பி எல்லாவற்றையும் செல்பேசியில் பதிந்துகொண்டான்.

42 டேப்பில் 7-இல் வினிகர் வாசம். தனியே வைத்திருக்கிறோம். வாசிப்புத் தாள் ஒரு கட்டில் வேறொரு குழுவின் முத்திரை இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கையெழுத்துத் தாள்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன், இரண்டைச் சந்தேகம் என்றார்.

கடிதங்கள் விற்பனைக்கு இல்லை என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்ற சாதாரணத் தட்டுகளை, மேட்ரிக்ஸ் எண்ணெல்லாம் குறித்துக்கொண்டு, விற்கப் போகிறோம். அவர் கேட்ட 3 தட்டுகளும், சந்தேகமில்லாத 4 தாள்களும் அதில் சேரும். பெரியம்மாவே எடுத்த முடிவு அது, அந்தப் பணம் அவருக்கு. நோட்டு, கடிதம், சீட்டு, டேப் எல்லாம் ஒரே தொகுப்பாக. இரண்டு காப்பகங்களைப் பார்த்தோம். ஒன்றில் அறையைக் காட்டவில்லை. மற்றொன்றில் காட்டினார்கள், டேப்புகளை முதலில் எடுப்பதாக எழுதித் தரவும் சம்மதம். விலை கொடுக்க முடியாதாம், புரவலர் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதில் வரும் வரை வைப்பாக மட்டும் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, தட்டுகளையும் விற்கக் கூடாது என்கிறான்.

கீழ்ஸ்தாயி, வயலின் இங்கேதான் இருக்கிறது. அண்ணன் மகள் போன வருடத்திலிருந்து அதில்தான் பழகுகிறாள்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. 9-ஆம் நோட்டில் பாதிப் பக்கங்களில் குறிப்புக்குப் பக்கத்திலேயே பென்சிலில் வீட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார். பால், வாடகை, யாரிடம் எவ்வளவு கடன் என்று. பெரியம்மாவுக்கு அது வெளியார் கண்ணில் படுவது சங்கடமாக இருக்கிறது, அழித்துவிடலாமா என்று கேட்கிறார்.

---

காப்பறை

அழிக்க வேண்டாம் என்று பெரியம்மாவிடம் நான் கெஞ்சியதாகச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை இத்தனை வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுதலாம், எத்தனை வருடம் என்பதை அவரே சொல்லட்டும். எந்த மாதம் எத்தனை ஒலிப்பதிவுக்குப் போனார், அந்த மாதம் வாடகை கட்ட முடிந்ததா என்று ஒரே பக்கத்தில் இருக்கிறது. பென்சில் மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள், அழுத்திய தடம் தெரியும்.